பாதித் திரை, பாதிக் குண்டு

வார்டு சிஸ்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. உன் புருஷனை வீட்டுக்கு அனுப்பக் கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும், அதில் இரண்டு பக்கமும் ஆள் நின்று புரட்டுகிற மாதிரி கட்டில் போட இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்கடைசியில் இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிவிடுவேன் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னாள்.

சில்லறையக்கா தலையாட்டினாள். கீழே அறை இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு, இதுதான் வீடு. ஆனால் கீழ் அறையில் கட்டில் போக வேண்டிய இடத்தில் ஒரு பின்பால் இயந்திரம் நின்றது. அவள் புருஷன் அதை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் சின்ன வயதில் விளையாட்டுக் கூடத்தின் கம்பி வலைக்குப் பின்னால் சில்லறை மாற்றிக் கொடுக்க உட்கார்ந்த நாளிலிருந்து யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெக்கானிக் அவளைக் கட்டிக்கொண்ட பிறகும் “சில்லறை” என்றே கூப்பிட்டார். அவரை ஊரே மெக்கானிக் என்றது. இவள் மட்டும் “என்னங்க.”

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கூடம் முழுக்கப் பின்பால்தான். சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் எஃகுக் குண்டு, அதைத் திருப்பி அடிக்கக் கீழே இரண்டு துடுப்புகள். கூடத்தில் எல்லோரும் அந்தத் துடுப்புகளைக் கை என்பார்கள். “எட்டாம் நம்பர்ல இடது கை விழுந்துடுச்சு” என்று யாராவது கத்தினால் மெக்கானிக் சாவியோடு போவார். அப்போது அது வெறும் வேலைப் பேச்சு.

பிறகு வீடியோ கேம் வந்தது. வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுக்கிரகப் படையைச் சுடுகிற ஆட்டம் முதலில் வந்தது. பின்னாலேயே, புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடும் மஞ்சள் வாய். ஆட்கள் அந்தத் திரைகளுக்கு முன்னால் கும்பலாக நின்றார்கள். பின்பால் மேஜைகளின் மீது கோட்டைக் கழற்றிப் போட்டார்கள், டீக் கோப்பையை வைத்தார்கள். மெக்கானிக் அந்தக் கோப்பைகளை எடுத்து ஜன்னல் வழியே வெளியே வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இயந்திரம் செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆட்களைத் திருடிக்கொண்டு போன ஆட்டத்தின் பெயரையே பின்பால் மேல் எழுதினால் பாதிப் பேராவது திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வேற்றுக்கிரகப் படை பின்பாலாக வந்தது. மஞ்சள் வாயும் வந்தது. பலகை நடுவில் விளக்குகளைக் கட்டம் கட்டமாகப் பதித்து, அதற்குள் வாய் நகர்வது போலக் காட்டினார்கள். வாய்க்கு ஒரு மனைவியும் வந்தாள். முதலாளிக்கு மகிழ்ச்சி. சில்லறையக்கா வலைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “வீட்ட எழுதி வாங்கின மருமகளோட படத்த மாமியார் கழுத்துல மாட்டி விட்டிருக்காங்க” என்றாள். கூடத்தில் அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை.

கடைசியில் வாய்க்குக் குழந்தையும் பிறந்து, அது தனி இயந்திரமாக வந்து இறங்கியது. மேல்பாதி வீடியோத் திரை, கீழ்ப்பாதி குண்டு ஓடும் பலகை. திரையில் ஆரம்பிக்கவேண்டும். அங்கே பேய் துரத்தும். எதிர்த்து நிற்கப் பலம் வேண்டுமென்றால் திரையின் அடியில் இருக்கும் வழியாகக் கீழே இறங்கவேண்டும். இறங்கியதும் திரை உறைந்துவிடும், குண்டு வெளியே வரும். அதை அடித்துப் பலம் சேர்த்தால் மறுபடி மேலே போகலாம். மெக்கானிக் அதைத் திறந்து பார்த்தபோது, பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் முகத்தில் இல்லாத ஒரு களை இருந்தது என்று சில்லறையக்கா பின்னாளில் சொல்வாள். பெண்ணாக உட்கார்ந்திருந்தவள் அவள்தான், அதனால் அவளுக்குத் தெரியும். இனிமேல் திரையும் குண்டும் சண்டை போடவேண்டியதில்லை, இதுதான் வழி என்று அவர் முதலாளியிடம் அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

நடந்தது வேறு. திரைக்காக வந்தவர்களுக்குக் குண்டு பிடிக்கவில்லை. குண்டுக்காக வந்தவர்கள் திரையிலேயே பேயிடம் மாட்டிச் செத்துப்போனார்கள். கீழே துடுப்புகளை உதைக்கும் காயில்கள் அடிக்க அடிக்க அந்த அதிர்வில் மேலே சர்க்யூட் பலகைகளின் பற்றவைப்பு விட்டுப்போனது. வாரத்தில் பாதி நாள் அதன் பின்கதவு திறந்தே கிடந்தது, உள்ளே மெக்கானிக்கின் தலை.

குழந்தை இயந்திரம் வந்த புதிதில் மாமியார் ஒருநாள் கூடத்துக்கு வந்தாள். இது என்ன என்று கேட்டாள். சொன்னார்கள். சில்லறையக்காவின் கூண்டுக்கு முன்னால் வந்து நின்று, “வெறும் வாய்க்குக்கூட ஒண்ணு பொறந்துடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள். சில்லறையக்கா அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாள். பிள்ளை இல்லாதது யாரால் என்று அவர்கள் இரண்டு பேரும் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை.

அதே மாமியார் இடுப்பெலும்பு ஒடிந்து படுத்தபோது, கூடத்தை விட்டு வரமுடியாத காலம். அவளை ஊர்க்கடைசி இல்லத்தில் விட்டார்கள். அங்கே நீளமான ஹால், அத்தனை கட்டிலுக்கும் இரண்டே ஆட்கள். அந்த ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு கை இரண்டு வேலைதான் செய்யும். புரட்டிப் போட ஆள் இல்லாமல் மாமியாரின் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்து எலும்பு தெரிந்தது. அதைக் கழுவும்போது மெக்கானிக் பக்கத்தில் நின்றிருந்தார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, “என்ன இங்க போட்டுடாத” என்றார். “போடமாட்டேன்” என்றாள். கல்யாணத்தில் கொடுத்த வாக்கெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

கூடம் அதன் பிறகும் தள்ளாடிக்கொண்டு ஓடியது. மீசை வைத்த குழாய் ரிப்பேர்க்காரர் குதிக்கிற ஆட்டமும், தெருவில் நின்று குத்திக்கொள்கிற ஆட்டமும் பின்பாலாக வந்தன. வந்த ஜோரில் கொஞ்ச நாள் கூட்டம் இருந்தது. பிறகு வீடியோ கேம் அவரவர் வீட்டுத் தொலைக்காட்சிக்கே போய்ச் சேர்ந்தது. முதலாளி கூடத்தை மூடுவதாக வாசலில் அட்டை மாட்டினார்.

மூடுகிற நாளில், அது வரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து, வந்த பிறகு குஷியாகிவிட்டார்கள். எல்லா இயந்திரத்திலும் ஆள். இடம் கிடைக்காதவர்கள், பாதித் திரை என்று பெயர் வாங்கியிருந்த குழந்தை இயந்திரத்துக்கு முன்னாலும் வரிசை கட்டினார்கள். மெக்கானிக் கூடத்தின் மறுகோடியில், குத்துச்சண்டை இயந்திரத்துக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பாதித் திரையில் குண்டு காணாமல் போனது. யாரோ பலமாக அடித்ததில் எகிறிப் பலகையின் பின்விளிம்பைத் தாண்டிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. இதற்குக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் குறைவாக இருந்தால் பலகையைத் தூக்கித் தேடுவார்கள். கூட்டம் இருந்தால் கல்லாப்பெட்டியிலிருந்து வேறு குண்டை எடுத்துப் போட்டு ஆட்டத்தை ஓட்டிவிட்டு, பழையதை மூடும்போது தேடி எடுப்பார்கள். சில்லறையக்கா கூண்டை விட்டு வந்தாள், புதுக் குண்டைப் போட்டாள், போய் உட்கார்ந்தாள். அவள் இதை எத்தனையோ முறை செய்தவள்.

ஆனால் அன்று மூடுகிற வேலையே நடக்கவில்லை. முதலாளி குடித்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். இருட்டில் கைதட்டினார்கள், கலைந்தார்கள். அவ்வளவுதான்.

வேண்டியதை எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னதும் மெக்கானிக் பாதித் திரையைக் கேட்டார். அப்போது அவர்கள் வீட்டுக் கீழ் அறை கடையாக இருந்தது, முன்பக்கம் முழுக்க ஷட்டர். தள்ளுவண்டியில் நின்றபடியே இயந்திரம் உள்ளே போனது. பிறகு ஷட்டரை எடுத்துச் சுவர் எழுப்பி, சின்னதாக ஒரு கதவு வைத்தார்கள். அதற்குப் பிறகு மெக்கானிக் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார், இவள் ஒரு மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். மாலையில் வந்ததும் அவர் அதற்கு மின்சாரம் கொடுத்து ஓர் ஆட்டம் ஆடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போதாவது எட்டிப் பார்ப்பார்கள். யாரும் இரண்டாவது ஆட்டம் கேட்டதில்லை.

இப்போது அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும், சில நாள் வராது. சிஸ்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு சில்லறையக்கா அவருடைய குதிகாலைத் தூக்கி அடியில் மடித்த துண்டை வைத்தாள். அப்புறம் தலைமாட்டுக்கு வந்தாள்.

“என்னங்க. கீழ கட்டில் போடணும். அது நிக்குது. என்ன பண்ணட்டும்?”

அவர் கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, “ஓடணும்” என்றார்.

“யாரு, நீங்களா? நீங்க ஓடப்போறதில்ல. அது ஓடணுமா?”

இடது கண்ணை மூடித் திறந்தார். பிறகு உதட்டோரம் எச்சில் வழிய, “பிரிக்கக்... கூடாது.”

“ஓட்டுற ஆளுக்குக் குடுக்கணும், பிரிச்சு எடுக்கிறவனுக்குக் குடுக்கக் கூடாது. அவ்வளவுதானே?”

மறுபடி கண்ணை மூடினார். அவள் எச்சிலைத் துடைத்தாள்.

அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடித்தது கொழுந்தன். மெக்கானிக்குக்குத் தம்பி, சாமான் வண்டி ஓட்டுகிறவர். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு, வீடியோ கேமிலிருந்து பிறந்த பின்பால்களை மட்டும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் ஒருவருக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். கொட்டகைக்காரர் வந்து பார்த்தார். வேற்றுக்கிரகப் படையிலிருந்து குத்துச்சண்டை வரை தன்னிடம் இருக்கிறது, நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இது ஒன்றுதான் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஓடவிட்டு மக்களை ஆடச் சொல்வாராம். சில்லறையக்கா சுவிட்சைப் போட்டாள். திரை மெல்ல வெளுத்து, வாய்க் குழந்தை ஓட ஆரம்பித்தது. கொட்டகைக்காரர் ஓர் ஆட்டம் ஆடித் தோற்றார். நிமிர்ந்து, “பிக்சர் டியூப் நல்லாருக்கும்மா. இந்த அளவு டியூப் இனிமே யாரும் செய்யறதில்ல. இது போச்சுன்னா எல்லாம் போச்சு” என்றார்.

ஆகவே எல்லாம் கூடி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இயந்திரம் போகும், மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் கட்டில் வரும், சாயங்காலம் ஆம்புலன்ஸ் வரும். சில்லறையக்கா தரையைக் கழுவுவதற்கு மருந்துத் தண்ணீர்கூடக் கரைத்து வைத்துவிட்டாள்.

கதவு தாழ்வு என்பதால் இயந்திரத்தை நின்றபடி வெளியே எடுக்க முடியாது. முதுகுப்பக்கமாகப் படுக்க வைத்துத்தான் எடுக்கவேண்டும். படுக்க வைப்பதற்கு முன்னால் குண்டை எடுத்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல்நாள் கற்றுக்கொள்கிற பாடம். சில்லறையக்கா பலகையைத் தூக்கினாள், குண்டை எடுத்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்த இயந்திரத்துக்கு ஒரே குண்டு. “சாய்ங்க” என்றாள்.

கொழுந்தனும் கொட்டகைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாகச் சாய்த்தார்கள். ஆளைக் கட்டிலில் படுக்க வைக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்தான் சாய்த்தார்கள். பாதிச் சாய்வில் உள்ளே ஏதோ ஒன்று இடம் பெயர்ந்தது. அப்புறம் மரத்தின் மேல் உருள்கிற சத்தம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

வாழ்க்கையெல்லாம் கேட்ட சத்தம் அது. குண்டு போய் முட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இத்தனை காலமும் சிக்கிக் கிடந்த பழைய குண்டு பெட்டியின் முதுகோடு உருண்டு, பிக்சர் டியூபின் பின்கழுத்தில் இடித்தது. அந்த இடத்தில் டியூப் விரல் பருமன்தான், மெல்லிய கண்ணாடி. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ‘டிக்’ என்றது. பிறகு டியூபுக்குள் காற்று புகுகிற சத்தம், ‘ஸ்ஸ்’ என்று நீளமாக. அது நிற்கும்வரை ஆண்கள் இரண்டு பேரும் பிடித்த பிடியை விடாமல் நின்றார்கள்.

“அண்ணி, குண்ட எடுத்துட்டேன்னு சொன்னீங்களே.”

“எடுத்தேன்.” இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

“அப்ப அது என்ன?”

அவள் கையிலிருந்த குண்டைப் பார்த்தாள். கூடம் மூடிய நாளின் வரிசை கண்ணுக்கு முன்னால் வந்தது. கல்லாப்பெட்டி, கையில் சில்லென்று புதுக் குண்டு, மூடும்போது தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தது.

கொட்டகைக்காரர் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கெட்டவரில்லை, கோபப்படவும் இல்லை. இனிமேல் இது ஓடாது, வேண்டுமானால் உதிரிக்கு எடுத்துக்கொள்கிறேன், பலகைகளும் காயில்களும் மற்ற இயந்திரங்களுக்கு உதவும் என்றார். வேண்டாமென்றால் இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னார்.

கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். “பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாரே அண்ணி. அண்ணனக் கேட்டுட்டு வரட்டுமா?”

“கேட்டா என்ன சொல்வாரு? உள்ளயே வைன்னு சொல்வாரு. வச்சா அவர எங்க வைக்கிறது?”

“ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமே.”

“அந்த இல்லத்துல ரெண்டு நாள் புரட்டாம கெடந்தாப் போதும் தம்பி. உங்கம்மா முதுகப் பார்த்தீங்களா நீங்க? நான் பார்த்தேன்.”

அவள் கொட்டகைக்காரர் பக்கம் திரும்பினாள். “எடுத்துட்டுப் போங்க” என்றாள். வண்டி தெருமுனை திரும்புவதை அவள் நின்று பார்க்கவில்லை. தரை கழுவவேண்டி இருந்தது. இயந்திரத்தின் நான்கு கால்கள் நின்ற இடத்தில் நான்கு பள்ளம் விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அதிலிருந்த அழுக்கு போகவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வந்து சேர்ந்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் விரிப்போடு தூக்கிக் கட்டிலில் விட்டுப் போனார்கள். அவள் அவரை இடது பக்கமாகச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, செயலற்ற கையை இன்னொரு தலையணை மேல் தூக்கி வைத்தாள். மசித்த சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் தொண்டை இறங்குகிறதா என்று பார்த்தாள். அவர் பார்வை தரையில் நான்கு பள்ளத்தின் மேலேயே இருந்தது.

“ஓடுதா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து போய்ப் பார்க்கப்போவதில்லை. கொழுந்தன்கூட அப்படித்தான் சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் நோயாளியிடம் ஒரு பொய் சொன்னால், அதற்குப் பிறகு கொடுக்கிற மருந்தைக்கூட அவர் சந்தேகமாகப் பார்ப்பார் என்பது அவள் எண்ணம்.

“இல்ல. டியூப் போச்சு. உள்ள இன்னொரு குண்டு கெடந்திருக்கு. பிரிச்சுத்தான் எடுத்துக்குவாங்க.”

அவர் வாய் அசைந்தது. சாப்பாடு ஓரத்தில் வழிந்தது. “யாரு... போட்டது?”

“நாந்தான். கூடம் மூடின அன்னிக்கு. ஒண்ணு காணாமப் போச்சு, வேற போட்டேன். அப்புறம் தேடல.”

“ஏன்?”

“வரிசை நின்னுச்சு.”

இடது கண் அவள் பக்கம் திரும்பியது. “அதுக்கா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் மறுகோடியில் இருந்தார், கையை விட்டுக்கொண்டு. பாதித் திரைக்கு முன்னால் வரிசை நின்றதை அவர் பார்த்திருக்கவில்லை. இவளும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை.

“அதுக்குத்தான். வாசப்படி வரைக்கும்” என்றாள்.

மற்றதில் இடம் கிடைக்காதவர்கள்தான் அங்கே நின்றார்கள் என்பதை அவள் சேர்க்கவில்லை. அது பொய்யில்லை, கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் கண்ணை மூடினார். ஆமாம் என்பதற்கு மூடித் திறப்பாரே, அப்படித் திறக்கவில்லை. மன்னித்தாரா, வெறுத்தாரா, வெறுமனே களைத்துப்போனாரா, அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலம் முடியும் முன்னால், ஒரு பகல்வேளையில், உடம்பு துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு நின்றது. அவள் பாதி துடைத்த கையை முழுவதும் துடைத்து முடித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினாள்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்து பார்த்தாள். வழக்கப்படி உடம்பைத் திருப்பி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தாள். எங்கும் ஒரு கீறல் இல்லை. இத்தனை நாள் படுத்தவர் உடம்பா இது என்றாள்.

சில்லறையக்கா விரிப்பை உருவி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கட்டில நாளைக்கே வந்து எடுத்துக்கச் சொல்லும்மா” என்றாள். “வேற யாராவது அதுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க.”